கடலேறும் அப்பாவும் மகனும்: வாசகர் கேள்வி – பதில்

கோவாவிலிருந்து கொச்சி வரை பாய்மரப் படகில் வருவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தவை. அதிலும் பாதிக்கு மேல், 'நானும் பையனும் போகலாமுங்களா?' என்பதுதான். சிலவற்றுக்கு இங்கே பதில். படகு என்று சொல்லும் இடமெல்லாம் 11, 12 மீட்டர் நீளம், உள்ளே டீசல் எஞ்சின், அனுபவமுள்ள கேப்டன் ஒருவர், அவருக்குக் கைத்துணையாக ஒருவர், கூட நீங்கள் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் பத்தாவது எழுதுகிறான். பரீட்சை முடிந்ததும் இருவரும் போக ஆசை. பாய்மரப் படகில் ஏறியதே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– பனியன் கம்பெனி நடத்தும் வாசகர், திருப்பூர்

காலண்டரிலிருந்து ஆரம்பியுங்கள். மேற்குக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த நான்கு மாதமும் பேச்சே இல்லை. அக்டோபர், நவம்பரில் புயல் பயம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி குமரிமுனையைச் சுற்றி லட்சத்தீவு வரை போனது நினைவிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல கடல், ஆனால் அது பையனுக்குப் படிக்கிற காலம். மே மாதத்தை நம்பாதீர்கள். 2021 மே நடுவில் டவ்தே புயல் இந்தக் கரையை ஒட்டியேதான் வடக்கே ஏறியது. ஏப்ரல் 20-க்குள் கொச்சியில் கயிறு கட்டிவிட முடியும் என்றால் போகலாம். பரீட்சை ஏப்ரல் நடுவரை இழுக்கும் ஆண்டாக இருந்தால் விட்டுவிட்டு, டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள். எங்களைக் கேட்டால் டிசம்பர்தான் சரி, ஏனென்றால் கற்றுக்கொள்ள எட்டு மாதம் கையில் கிடைக்கிறது. வானிலை அறிக்கையில் தாழ்வு மண்டலம் என்ற சொல் வந்தால் மட்டும் பயணச்சீட்டுப் பணம் போனாலும் போகட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டும்.

தூரம் ஏறத்தாழ 360 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. மணிக்கு 5 கடல்மைல் ஓடினால் நாளைக்கு 120, ஆக மூன்று பகல், மூன்று இரவு. காற்று விழுந்து போகும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு நாள். கையில் ஆறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கம்பெனியில் ஷிப்மென்ட் இருக்கிறது என்று ஞாயிறு கரையேறத் திட்டம் போடுகிறவர்தான் கேப்டனை அவசரப்படுத்துவார்.

படகேறும் முன் இருவரும் டிங்கி என்னும் சின்னத் திறந்த பாய்ப்படகில் பழகியிருக்க வேண்டும். பெரிய படகு தவறை மறைத்துவிடும், டிங்கி உடனே தண்ணீரில் தள்ளிக் காட்டும். சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், ஹைதராபாத் உசேன் சாகர், கோவாவில் டோனா பாலா ஆகிய இடங்களில் பாய்ப்படகு ஓட்டம் உண்டு. டோக்கியோ, பாரீஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓடிய நேத்ரா குமணன்கூட சென்னையில் ஒரு கோடை முகாமில்தான் தொடங்கினார். பையனைத் தனியாள் படகில் போட்டுவிட்டு நீங்கள் கரையில் நிற்காதீர்கள். என்டர்பிரைஸ் போன்ற நான்கு மீட்டர் இருவர் படகைக் கேளுங்கள். ஒருவர் சுக்கானும் பெரிய பாயும், இன்னொருவர் முன்பாய். அரை மணிக்கொரு முறை இடம் மாறுங்கள்.

இதில் நாங்கள் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று: நீங்கள் கற்றுக்கொண்டு வந்து பையனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். இருவரும் மூன்றாவது ஆளிடம், ஒரே நாளில், ஒரே வகுப்பில் கற்க வேண்டும். பெரும்பாலும் பையன் முந்திவிடுவான். முந்தட்டும்.

டிங்கி கவிழ்ந்தால் என்ன செய்வது? என் எடை 86 கிலோ, பையன் 49.
– வாசகர், பெருந்துறை

கவிழ்ந்தால் என்ன, முதல் நாளே வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக வைப்பார்கள். முதலில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு தலையும் தண்ணீருக்கு மேலே இருப்பதை உறுதி செய்யுங்கள். பிறகு எடை கூடியவரான நீங்கள் பெரிய பாயின் கயிற்றைக் கையில் பிடித்தபடி பின்பக்கமாகச் சுற்றி நீந்தி, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடிக்க வேண்டும். பையன் படகின் உட்பக்கத்திலேயே மிதந்துகொண்டு, முன்பாயின் மேல்பக்கக் கயிற்றை உங்கள் பக்கம் எறிவான். நீங்கள் பலகை மேல் ஏறி, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும். நிமிரும்போதே பையனையும் அள்ளி உள்ளே போட்டுக்கொள்ளும். அவன் உள்ளே இருந்து உங்களைத் தோள்பட்டையில் பிடித்து இழுக்க வேண்டும்.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, பயத்தில் இருவரும் கவிழ்ந்த படகின் மேல்விளிம்பில் தொங்குவது. அந்த எடைக்குப் பாய்மரம் நேர் கீழே போய், படகு முழுசாகத் தலைகீழாகிவிடும். இன்னொன்று, பெரிய பாயின் கயிறு, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டில் மாட்டியிருப்பதைக் கவனிக்காமல் நிமிர்த்துவது. நிமிர்ந்த உடனே பாய் காற்றைப் பிடித்து மறுபக்கம் கவிழும். நிமிர்த்தும் முன் இரண்டு பாயின் கயிற்றையும் கிளீட்டிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

எங்க ஊரில் ஆடிக்காற்றுக்குக் காற்றாலை ஓடுகிறதே, அதே காற்றா கடலில் பாயைத் தள்ளுவது?
– வாசகர், உடுமலை

ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உங்கள் காற்றாலையைச் சுற்றுகிறது. அந்தப் பருவத்தில்தான் கடலில் இறங்கக் கூடாது என்றோம். டிசம்பர், ஜனவரியில் கதை திரும்புகிறது. காற்று கிழக்கே இருந்து, கொங்குச் சமவெளியைத் தாண்டி, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே அதே கணவாயில் நெருக்கப்பட்டு மேற்கே பாய்கிறது. திருச்சூர்க்காரர்களின் உதட்டை வெடிக்க வைக்கும் காற்று அது. பொன்னானிக்கு நேரே, கொச்சி சேர 50 கடல்மைல் இருக்கும் இடத்தில், படகின் இடப்பக்கத்தில் வந்து உதைக்கும். அதுவரை சோம்பிக்கிடந்த படகு சட்டென்று வலப்பக்கம் சாயும். கடைசி இரவு என்று எல்லோரும் அசந்திருக்கும் நேரமும் அதுதான்.

மற்ற நாள்களில் இப்படி: மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடற்காற்று, நள்ளிரவுக்கு மேல் கரையிலிருந்து நிலக்காற்று, காலையில் சில மணி நேரம் ஒன்றுமே இல்லை. கோவாவிலிருந்து தெற்கே வந்தால் பகல் காற்று முதுகில் இருக்கும். கொச்சியிலிருந்து வடக்கே போனால் அதே காற்று முகத்தில். பாய்ப்படகு காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகைக்குள் போகாது என்பதால் குறுக்கும் நெடுக்குமாக ஏற வேண்டிவரும். முதல் பயணத்தை அதனால்தான் கோவாவில் தொடங்கச் சொல்கிறோம்.

காற்று முதுகில் இருப்பது சொகுசு, ஆனால் ஆபத்து அங்கேதான். சுக்கான் பிடித்தவர் கொஞ்சம் தடுமாறினால் காற்று பாயின் மறுபக்கத்தைப் பிடித்து, பூம் என்னும் கீழ்க்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தலை உயரத்தில் வீசிப் போகும். மண்டை உடைந்த கேஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான். பூமின் நுனியிலிருந்து ஒரு கயிற்றை முன்மூக்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பின்னால் உட்காரும் இடத்துக்கே திருப்பிக் கட்டிவைக்க வேண்டும். பிரிவென்டர் என்பார்கள். காற்றை நேர் முதுகில் வாங்காமல் 30 பாகை தள்ளி வாங்குவதும் உதவும். இரவில் நிலக்காற்று வரும்போது, கரைப்பக்கம் விரித்த பாய் கடல்பக்கம் மாறியிருக்க வேண்டும். இருட்டும் முன் மாற்றுவது நல்லது.

பாயைச் சுருக்குவதற்கும் நேரம் உண்டு. காற்று 15, 18 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தை எட்டினால் முதல் சுருக்கு, 22 தாண்டினால் இரண்டாவது. வரிசை முக்கியம். பெரிய பாயின் கயிற்றைத் தளர்த்து, பூமைத் தாங்கும் கயிற்றை இறுக்கு, பாயைக் குறி வரை இறக்கு, முன்மூலையைக் கொக்கியில் மாட்டு, மேலே இழுத்து இறுக்கு, அப்புறம்தான் பின்மூலைக் கயிறு. பின்மூலையை முதலில் இழுத்தால் துணி கிழியும். பொன்னானி இரவில் நிலா வெளிச்சமாக இருந்தாலும் ஒரு சுருக்கு போட்டே வாருங்கள்.

என் பையன் கிணற்றில் நீச்சல் அடிப்பான், மதகில் குதிப்பான். அவன் அப்பாவும் அப்படியே. பிறகு எதற்கு இத்தனை பாதுகாப்பு என்கிறார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

உங்கள் பயம் நியாயம்தான், அம்மா. 5 நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிஷத்தில் 150 மீட்டர் போய்விடும். எந்த நீச்சல்காரரும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. விழாமல் இருப்பதுதான் பாதுகாப்பு, நீச்சல் அதற்கு அடுத்ததுதான்.

உடம்பில் கட்ட வேண்டியது 150 நியூட்டன் காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட். இடுப்புப் பெல்ட்டோடு ஆளைக் கயிற்றில் மாட்டும் வளையமும், கால் இடுக்கு வாரும் இருக்க வேண்டும். அந்த வார் இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறி ஆள் கீழே வழுக்கிவிடுவார். உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரைக் கழற்றி, நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எடைக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். திரும்பத் திருகும்போது கையால் இறுகும் வரை திருகுங்கள். பல ஜாக்கெட்டுகள் ஊதாமல் போவதற்கு, சிலிண்டர் அரைத் திருகு தளர்ந்திருப்பதே காரணம்.

படகின் முன்னிருந்து பின்வரை தளத்தோடு ஓடும் வார் ஒன்று இருக்கும். இருட்டியது முதல் விடியும் வரை, உள்ளறைப் படியிலிருந்து தலையை வெளியே நீட்டும் முன்பே ஜாக்கெட் கயிற்றின் கொக்கியை மாட்டிவிட வேண்டும். 'ரெண்டு நிமிஷம்தானே' என்பது கிடையாது. இன்னொரு சேதி, ஆண்கள் எல்லோருக்கும்: இரவில் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிப்பது வேண்டாம். உள்ளே கழிப்பறை இருக்கிறது, உட்கார்ந்தே போகலாம்.

கிளம்பும் முன் பகலில் ஒத்திகை ஒன்று செய்யச் சொல்லுங்கள். மிதவை ஒன்றில் வாளியைக் கட்டித் தண்ணீரில் எறிந்து, பையன் ஒருவனே குரல் கொடுத்து, மிதவை வளையம் எறிந்து, ஜிபிஎஸ்ஸில் ஆள் விழுந்த பொத்தானை அழுத்தி, முன்பாயைத் தளர்த்தாமலே படகைக் காற்றுக்குள் திருப்பி நிறுத்திவிட்டு, கேப்டனை எழுப்ப வேண்டும். ஒருவர் வேறு எதையும் செய்யாமல் விழுந்தவரைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணெடுத்தால் அலை மறைத்துவிடும். எஞ்சினை முடுக்கும் முன் தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் புரொபெல்லரில் சுற்றும். ஈரத்தோடு 86 கிலோ ஆளைக் கையால் தூக்க முடியாது. பாயை ஏற்றும் கயிற்றை ஜாக்கெட் வளையத்தில் மாட்டி, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். விழப்போவது பையன்தான் என்றே எல்லோரும் நினைக்கிறோம். அப்பா விழுந்தால் தூக்க வேண்டியவன் அவன்.

உங்கள் கையில் ஒரு தாள் இருக்கட்டும்: படகின் பெயர், நிறம், ஆள் எண்ணிக்கை, வழி, கொச்சி சேரும் நேரம். கரையிலிருந்து 20 கடல்மைல் போனால் செல்போன் எடுக்காது, அதற்குப் பதற வேண்டாம். சேர வேண்டிய நேரம் தாண்டி, இவ்வளவு மணி நேரம் சேதி இல்லையென்றால் அழைப்பது என்று கேப்டனிடம் பேசி அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் படையின் எண் 1554.

எனக்கு 16 வயது. அப்பா நல்லவர்தான், ஆனால் எதைத் தொட்டாலும் 'அப்படி இல்லடா, இப்படி' என்பார். நான்கு நாள் ஒரே படகில் எப்படி?
– வாசகர், ஈரோடு

தம்பி, படகில் ஒரு வசதி: கட்டளை கேப்டனுடையது மட்டும். அங்கே உன் அப்பாவும் உன்னைப் போலக் கற்றுக்குட்டிதான். இந்தப் பகுதியை அவருக்கே படித்துக் காட்டு.

நான்கு பேர் என்றால் இரண்டிரண்டு பேராக மாறி மாறி விழித்திருக்க மூன்று மணி நேர முறை வைப்பார்கள். இரவு 9 முதல் 12, 12 முதல் 3, 3 முதல் 6. அப்பாவும் மகனும் ஒரே முறையில் வேண்டாம், குறைந்தது முதல் இரண்டு இரவுக்கு. நீ கேப்டனோடு, அவர் துணையாளோடு. பக்கத்தில் அப்பா இருந்தால் நீ திசைகாட்டியைப் பார்க்கமாட்டாய், அவர் முகத்தைத்தான் பார்ப்பாய். நீ சுக்கான் பிடிக்கும்போது அவர் உள்ளே தூங்க வேண்டும். தூங்கப் பழக அவருக்கு ஓரிரவு ஆகும், படியில் வந்து எட்டிப் பார்ப்பார். கேப்டன் திருப்பி அனுப்புவார்.

உன் முறையில் உனக்கு மட்டுமான வேலை வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று சுற்றிலும் பார். 20 நாட் வேகத்தில் வரும் கப்பல் அடிவானத்தில் தெரிந்த கால் மணி நேரத்தில் உன் மேல் நிற்கும். பச்சை விளக்கு மட்டும் தெரிந்தால் நீ பார்ப்பது அதன் வலப்பக்கம், சிவப்பு மட்டும் என்றால் இடப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக உன்னை நோக்கி வருகிறது, உடனே எழுப்பு. கரைப்பக்கம் விளக்கே இல்லாத மீன்பிடிப் படகும், மிதவை போட்ட வலையும் இருக்கும்.

மணிக்கொரு முறை பதிவேட்டில் இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம் எழுது. அழுத்தம் நம் பக்கக் கடலில் காலை, இரவு 10 மணிவாக்கில் ஏறி, 4 மணிவாக்கில் 2, 3 மில்லிபார் இறங்குவது வழக்கம். அதைப் பார்த்துப் பயப்படாதே. நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்று பார். அதைவிட நான்கு, ஐந்து குறைந்திருந்தால்தான் சேதி.

முறை மாறும்போது பத்து நிமிஷம் இருவரும் வெளியே இருப்பீர்கள். அப்போது நீ அவரிடம் ஒப்படைக்க வேண்டும்: 'திசை 160, காற்று கிழக்கே திரும்புது, இடது பக்கம் ரெண்டு விளக்கு, ஒண்ணு நகரலை.' அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருத்தக் கூடாது, திருப்பிச் சொல்ல மட்டும். மூன்றாம் இரவு கேப்டன் சரி என்றால் இருவரும் ஒரே முறைக்கு மாறுங்கள், சுக்கான் உன் கையில்.

வாந்தி, தலைசுற்றலுக்கு என்ன வழி?
– வாசகர், பல்லடம்

முதல் 48 மணி நேரம்தான் மோசம். அவோமின் போன்ற மாத்திரையைக் கிளம்பும் முந்தின இரவே போட்டால்தான் பலன்; வாந்தி வந்த பின் போட்டால் வெளியே வந்துவிடும். தூக்கம் தரும் மாத்திரை என்பதால் வயதுக்கான அளவை டாக்டரிடம் கேளுங்கள், போட்டவர் தனியாக முறை பார்க்க வேண்டாம். அடிவானத்தைப் பார்த்துச் சுக்கான் பிடிப்பது நல்ல மருந்து. போன் பார்ப்பது, உள்ளே குனிந்து பை தேடுவது விஷம். முடியாவிட்டால் படகின் நடுப்பகுதியில் கண்மூடிப் படுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். வெறும் வயிறு கூடாது. பொரி, உப்பு பிஸ்கட், இஞ்சிமரப்பா.

சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோவது?
– வாசகி, பொள்ளாச்சி

முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிடுங்கள். அன்று யாரும் சமைக்க மாட்டார்கள். அதன் பின் நம்ம அரிசிம்பருப்பு சாதத்தை மிஞ்ச ஆளில்லை: ஒரே குக்கர், மூடி பூட்டியது, சாய்ந்தாலும் கொட்டாது. அரிசியும் பருப்பும் அளந்து, வெங்காயம் இல்லாமல் மசாலாவோடு ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுங்கள். குக்கரை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும். நான்கு பேர், நான்கு நாள், 64 லிட்டர். அதில் பாதியைக் கூடுதலாகத் தனிக் கேன்களில் வையுங்கள், தொட்டி ஒழுகினால் எல்லாம் போய்விடும். கேஸ் காற்றைவிட எடை கூடியது, கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். சமைத்து முடித்ததும் அடுப்பில் அல்ல, சிலிண்டரிலேயே மூட வேண்டும்.

துணிமணி பற்றித் திருப்பூர் வாசகர்கள் கோபிக்கக் கூடாது. பருத்தி பனியன் நனைந்தால் காயவே காயாது, இரவில் குளிரும். பாலியஸ்டர் விளையாட்டு பனியன் நான்கு போதும். அதுவும் உங்கள் ஊரில் தைத்ததுதான்.

நான் பம்ப்செட் மெக்கானிக். படகு எஞ்சினில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறதா?
– வாசகர், கணபதி, கோவை

படகில் உங்களுக்குத்தான் மரியாதை. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் சின்ன பம்பில் ரப்பர் இம்பெல்லர் இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஒரு நிமிஷத்திலேயே இறகுகள் கருகிப் பிய்ந்துவிடும். முடுக்கியதும் பின்னால் எட்டிப் பாருங்கள், புகைக்குழாயில் தண்ணீர் துப்ப வேண்டும். அரை நிமிஷத்தில் துப்பாவிட்டால் நிறுத்துங்கள். அடிவால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கிறதா, கடைசியாக இம்பெல்லர் என்று பார்த்துக்கொண்டே போங்கள். பிய்ந்த இறகுத் துண்டுகளை எண்ணி எடுக்க வேண்டும், ஒன்று உள்ளே போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சிக்கினால் மறுபடி சூடேறும். உதிரி இம்பெல்லர் இரண்டு, கேஸ்கெட், டீசல் ஃபில்டர் இரண்டு உங்கள் பையில் இருக்கட்டும். துறைமுகத்திலேயே பையன் கையால் ஒரு முறை கழற்றி மாட்ட வையுங்கள், நீங்கள் டார்ச் மட்டும் பிடியுங்கள்.

துபாயிலிருந்து மச்சான் ஒரு சாட்டிலைட் போன் கொண்டுவந்திருக்கிறார். எடுத்துப் போகலாமா?
– வாசகர், கரூர்

வேண்டாம். இந்தியாவில் அரசு உரிமம் இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். கைக்கடக்கமான சாட்டிலைட் மெசேஜ் கருவிக்கும் அதே கதிதான். படகில் வி.எச்.எஃப் ரேடியோவும், ஆபத்தில் 406 மெகாஹெர்ட்ஸில் அழைக்கும் இபிர்ப் கருவியும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ரேடியோவில் அவசரத்துக்கு 16-ஆம் சேனல்.

மகனும் பேரனும் போகிறார்கள். எனக்கு 68, முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நானும் வரட்டுமா என்றால் சிரிக்கிறார்கள்.
– ஒரு அப்பாரு, காங்கயம்

மூன்று இரவு வேண்டாமுங்க. ஆடும் படகில் செங்குத்துப் படியில் ஒரு நாளைக்கு இருபது முறை ஏறி இறங்க வேண்டும், அந்த முழங்கால் தாங்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் சின்ன இடிகூட பெரிய காயமாகும். அதற்குப் பதில் கொச்சிக்கு முன்னாலேயே போய் இருந்து, அவர்கள் வந்த மறுநாள் காலை துறைமுக வாய்க்குள்ளேயே இரண்டு மணி நேரம் ஏறுங்கள். காலை 11 மணிக்கு முன் அலை குறைவு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வேட்டியை விட்டு பேன்ட்டும், வழுக்காத வெள்ளை ரப்பர் அடி செருப்பும் போட்டு வாருங்கள். கறுப்பு அடி தளத்தில் கறை போடும் என்று கேப்டன் முறைப்பார்.